உல்லை வீட்டுக்குப் பதிவெடுக்கப் போனேன்

அறுகம்பேயில் என் பாஷை தெரிந்தவர்களைவிடத் தெரியாதவர்கள்தான் கூட. காலையில் கடற்கரையில் நின்றால் காதில் விழுகிற கதையில் பாதிக்குமேல் எனக்கு விளங்காது. அதனால் கல்முனைக்குடியிலிருந்து அங்கே போய்த் தங்கிய ஆறு நாளை நான் வெளிநாட்டுப் பயணம் என்றுதான் சொல்லுவேன். கேட்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

போனது உலாத்த அல்ல. அறுகம்பேயை ஒட்டின உல்லையில் ஒரு வீடு இருக்கிறது. நான் நின்று கட்டின வீடு. அதற்கும் கடலுக்கும் நடுவில் நாலு தென்னையும் ஆள் நடக்கிற ஓர் ஒழுங்கையும்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் கல்யாணம். மூத்தவளுக்குக் கல்முனைக்குடி வீட்டை எழுதினோம். அதன் பின்னறையில்தான் அப்போது நான் இருந்தேன். இளையவள் பரீனாவுக்குப் பொத்துவில் மாப்பிள்ளை அமைந்தபடியால், அவள் வாப்பா தோணி இழுத்துப் போட்டிருந்த உல்லை வளவிலேயே அவளுக்கு வீடு கட்டினோம். மூன்று வருடம் இருந்தாள். பிறகு புருஷனோடு மெல்பர்னுக்குப் போய்விட்டாள். அவள் வாப்பாவும் மௌத்தாகி அடக்கமானார். வீடு பூட்டிக் கிடந்தது.

மருமகன் மெல்பர்னிலிருந்து போனில் சொன்னார்: "சும்மா கிடந்து கறையான் தின்னுது மாமி. கொழும்பில ஓராள் கேக்கிறார். விப்பம்."

"விக்கத் தேவல்ல. கடல் விளையாட வாற வெள்ளைக்காரருக்கு அறை குடுப்பம். பக்கத்து வளவில ஜெஸீமா குடுக்காதான," என்றேன்.

"அவ பதிஞ்சிரிக்கா. பதிவில்லாம ஆள் ஏத்திப் பிடிபட்டா வீட்டுக்காரிட பேர்தான் கெடும். சீசனுக்குள்ள நீங்க கடதாசிய எடுங்க, வெச்சிரிப்பம். இல்லாட்டி விக்கிறதுதான்."

எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டை விற்றால் பரீனாவுக்கு இந்தக் கரைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. ராத்தாவின் வீட்டுக்கு வந்து ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கென்று ஒரு கதவு இருந்தால் வருவாள் என்பது என் எண்ணம்.

முதல் நாள் பஸ் கோமாரி தாண்டினதும் நின்றுபோனது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. கொண்டக்டர் பின்கதவில் தொங்கிக்கொண்டு, "எல்லாரும் இறங்குங்க, பஸ் கொஞ்சம் காத்து வாங்கப் போகுதாம்," என்றார்.

"போன கிழமையும் இதத்தான் சொன்னாய் தம்பி. பஸ் வாங்கின காத்து காணாதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இறங்கி ஒரு மரநிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் திருக்கோவில் ஊர்ப் பெண் ஒருவர், என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், மடியில் ஒரு பெரிய பை. பைக்குள் பிள்ளைத்துணி தெரிந்தது. பொத்துவிலில் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறதாம். ஒரு மோதகத்தைக் கையில் வைத்து, "உம்மா எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"நானும் மகள்ட வீட்டுக்குத்தான்."

"வழி பார்த்துக்கொண்டு நிப்பா என்ன?"

"ஓம்," என்றேன். நான் கொண்டுவந்த ரொட்டியில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். மாசிச் சம்பல் உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது. "இது மருமகனுக்குக் குடுக்க வேண்டிய சம்பல்," என்று சிரித்தார். அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலம் ஆனது. அந்தப் பயணத்தில் என் கைச் சாப்பாட்டை ஒருவரோடு பக்கத்திலிருந்து சாப்பிட்டது அது ஒன்றுதான் என்று பிறகுதான் நினைத்தேன்.

பொத்துவிலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அதில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தாள். அவளுடைய அலைச்சறுக்குப் பலகை கூரையில் கட்டியிருந்தது. பாலத்தில் ஏறும்போது அது நழுவி முன்னால் தொங்கியது. "உம்மா, தலையக் குனியுங்க, பலகை வருது!" என்று ஓட்டுநர் கத்தினார். அந்தப் பிள்ளை என் தலைக்குமேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்வரை எடுக்கவில்லை. என்ன நாடு என்று கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

வேலிக்கு மேலால் ஜெஸீமா எட்டிப் பார்த்தாள். வீட்டுப் பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருந்தது.

"சாச்சி! தனியவா வந்த?"

"ஓராள் வர எத்தினை பேர் வரணும்?"

"வாய் மட்டும் அப்படியேதான் இரிக்கி," என்று சொல்லிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டாள். மாதம் ஒருக்கால் கூட்டிவைக்கிறவள் என்றபடியால் வீடு மோசமில்லை. முன்னறைக் கட்டிலில் பரீனாவின் கல்யாண மெத்தை பொலித்தீன் உறையோடு இருந்தது. நான் அதில் படுக்கவில்லை. குசினிக்குப் பக்கத்து அறையில் பாயை விரித்தேன்.

இரண்டாம் நாள் பிரதேச சபைக் கந்தோருக்கு மனுக் கொடுத்தேன். மத்தியானமே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கல்முனையில் வீட்டுக்கு யாராவது கந்தோர் ஆள் வந்தால் பத்துப் பேர் வேலியில் நிற்பார்கள். இங்கே நானும் அவரும் ஒரு காகமும்தான்.

சிரட்டைகளைப் பிரட்டிப் பார்த்தார், தேங்கின தண்ணியில் நுளம்புக் குடம்பி நெளிகிறதா என்று. கிணற்றையும் மலசலகூடக் குழியையும் நாடாவால் அளந்தார்.

"தூரம் காணும் உம்மா. இந்தக் காலத்தில கட்டுறவங்களே இவ்வளவு விடுறதில்ல."

"என்ர புருஷன் அளந்தது. தோணி கட்டுறவர்ர அளவு பிழைக்காது," என்றேன்.

கிணற்றுக்கு மூடி போடவும், மூடியுள்ள குப்பை வாளி இரண்டு வைக்கவும், குசினி யன்னலுக்கு வலை அடிக்கவும், தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று சுவரில் மாட்டவும் எழுதிக் கொடுத்தார். தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கூட உம்மா," என்றார். "வெள்ளைக்காரருக்கு இப்படிக் குடுத்தா ஓடிப் போவான்." சட்டத்தில் அதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம், அது அவர் சொந்தக் கருத்தாம்.

அன்று சூரை மீன் வாங்கி ஆணம் காய்ச்சினேன். ஓராளுக்கு அளந்து காய்ச்ச எனக்குக் கை வராது. உல்லை வீட்டுச் சட்டிகளும் கல்யாணத்துக்கு வாங்கினவை. சின்னது என்று ஒன்று இல்லை. பாதியை ஜெஸீமாவுக்குக் கொடுத்தேன். மிச்சத்தை மூன்று நேரம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்தான் காரியம் பிழையாகப் போனது. சுற்றுலாப் பதிவு பார்க்கிற மிஸ் ஒருவர் மாதத்தில் சில நாள் மட்டும் பொத்துவிலுக்கு வருவார். காரைதீவுப் பிள்ளை, கண்ணாடி போட்டவர், அவசரமில்லாமல் கதைக்கிறவர். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக வாசித்தார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். அந்த உறுதியில் என் கண்ணுக்குத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

"அம்மா, இது உங்கட வீடில்லையே."

"நான்தான் கட்டினது."

"ஓம். ஆனா மகளுக்கு எழுதியாச்சு. இப்ப அவதான் சொந்தக்காரி. நீங்க கேக்கிறது ஹோம்ஸ்டே. குடும்பம் இருக்கிற வீட்டில ரெண்டு மூண்டு அறையை விருந்தாளிக்குக் குடுக்கிறது. அதுக்குச் சொந்தக்காரர் அந்த வீட்டிலேயே வசிக்க வேணும்." இன்னொரு பக்கத்தைப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குச் சீவிய உரித்து வைக்கேல்லையா? அது இருந்திருந்தா உங்கட பேரிலேயே போட்டிருக்கலாம்."

வைக்கவில்லை. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அனேகம் உம்மாமார் வீடு எழுதும்போது, உயிரோடு இருக்கும்வரை தாங்கள் இருந்து அனுபவிக்கிற உரித்தை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். உறுதி எழுதின நொத்தாரிசும் கேட்டார்: "சீவிய உரித்து வெச்சு எழுதுவமா? பிறகு ஒரு கதை வந்தா உதவும்." மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக எதிரே இருந்தார்கள். நான் சொன்னேன்: "குடுக்கிறத முழுசாக் குடுக்கிறன். வீட்டக் குடுத்திட்டுத் திறப்ப இடுப்பில செருகிக்கொள்ற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்ல." சபையே என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையின் உம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். என் புருஷன் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. "வைக்கல்ல," என்றேன். வேறு வழி இருக்கிறது என்றார். சொந்தக்காரர் வசிக்காத வீடு என்று வேறு படிவம் உண்டு. அதற்கு நிபந்தனை கூட, நாளும் எடுக்கும். மகள் அங்குள்ள தூதரகத்தில் போய் அற்றோணித் தத்துவம் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அவளுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடுவதற்கு அதிகாரம். "யோசிச்சிட்டு வாங்க அம்மா. நாளண்டைக்கும் நான் இஞ்சதான்."

திரும்பும்போது ஜெஸீமா என்னை ஒரு கடற்கரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள், மனம் ஆறட்டும் என்று. அங்கே பழத்தைக் குழைத்துச் சிரட்டையில் ஊற்றி, மேலே தேங்காய்ப்பூத் தூவிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சிரட்டை அடுப்புக்குப் போகும். இங்கே அதை மினுக்கி மேசையில் வைக்கிறார்கள். சுற்றிவர எல்லோரும் தனித்தனியாக இருந்து தங்கள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் என் வயது வெள்ளைக்காரி ஒருத்தி. அவளிடம் போன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டோம்.

விஷயத்தைச் சொன்னதும் ஜெஸீமா சிரட்டையை வைத்தாள். "இதுக்கா முகத்தத் தொங்கப்போட்ட? பரீனா இஞ்சதான் இரிக்கா எண்டு சொல்லுங்க சாச்சி. மிஸ் வந்து கட்டிலுக்குக் கீழ தேடப் போறாவா?"

"வந்து, எங்க ஆள் எண்டு கேட்டா?"

"கடைக்குப் போயிரிக்கா எண்டு சொல்ற."

"எந்தக் கடைக்கு? மெல்பர்ன்லயா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அது இல்லை.

நாலாம் நாள் காலையில் பரீனாவைப் போனில் எடுத்தேன். அவளுக்கு அது மத்தியானம், வேலையிடத்தில் நின்றாள். கேட்டுவிட்டு அவளும் அதையே சொன்னாள்.

"ஜெஸீமா ராத்தா சொல்றது சரிதான் உம்மா. நான் அங்க இரிக்கன் எண்டு எழுதுங்க. ஆர் பார்க்கப் போற? எனக்குத் தூதரகத்துக்குப் போறண்டா ஒரு நாள் லீவு போடணும். இவர் இதச் சாட்டி விக்கிற கதையத் திரும்ப எடுப்பார்."

"எழுதலாம் மகள்."

"அப்ப எழுதுங்களன்."

"நீ இஞ்ச இரிக்காய் எண்டு எழுதிப்போட்டு, அந்தக் கடதாசியச் சுவரில தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிரிக்க எனக்கு ஏலா."

அந்தப் பக்கம் ஒரு மெஷின் சத்தம் கேட்டது. யாரோ அவளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பாதிப் பேர். "பார்ப்பம் உம்மா," என்று வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை இல்லை. ஓர் ஆளைப் பிடித்து யன்னலுக்கு வலை அடிப்பித்தேன். கல்முனைக்குடியில் அஸருக்குப் பாங்கு சொன்னால் நாலு பள்ளிவாசல் குரலும் ஒன்றன் மேல் ஒன்று விழும். கடைத்தெரு ஹோன் சத்தம் வேறு. உல்லையில் ஒரு பாங்கு, பிறகு அலை. தொழுதுவிட்டு வாசலில் இருந்தேன். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் "ஹலோ" என்றார்கள். நானும் "ஹலோ" என்றேன். அன்றைக்கு நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

ஐந்தாம் நாள் மிஸ்ஸிடம் போனேன். இரண்டு படிவத்தையும் மேசையில் வைத்தார். பேனையைத் திறந்துகொண்டு, "உங்கட மகள் இந்த வீட்டில வசிக்கிறாவா அம்மா?" என்று கேட்டார்.

"இல்ல."

"கடைசியா எப்ப வந்தவ?"

"அவட வாப்பாட மௌத்துக்கு."

எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். மற்றதை என் பக்கம் திருப்பினார். "இதுக்கு முகாமையாளர் ஓராள் வேணும். எந்த நேரமும் அங்கேயே நிக்கிற ஆள். ஆரைப் போடுறது?"

"என்னப் போடுங்க."

"அப்ப நீங்க கல்முனைக்குடிய விட்டு இஞ்ச வர வேணும். பேருக்குப் போட்டிட்டு அங்க இருக்க ஏலாது."

"பேருக்குப் போட நான் வரல்ல மகள்."

அவர் சிரித்தார். என் பெயரை நானே எழுத வேண்டிய இடத்தைக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

ஆறாம் நாள் கல்முனைக்குடிக்குத் திரும்பினேன். அந்த பஸ் எங்கேயும் நிற்கவில்லை.

பரீனா லீவு போட்டுத் தூதரகத்துக்குப் போனாள். தத்துவம் வந்தது. மருமகன் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை, பிறகு கதைத்தார். மிஸ் வந்து அறைகளைப் பார்த்தார். முன்னறையும் நடு அறையும் விருந்தாளிக்கு, குசினிப் பக்கத்து அறை முகாமையாளருக்கு என்று வரைபடத்தில் குறித்தார். முன்னறை மெத்தையின் பொலித்தீனை நான்தான் கிழித்தேன். சீசன் பிறந்து ஒரு மாதம் போய்ப் பதிவுக் கடதாசி வந்தது. மூத்தவள் என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைக்கும்போது, "இந்த வயசில ஆரும்மா வேலைக்குப் போற?" என்று அழுதாள். "மனேஜர் வேலைடி," என்றேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். இடியப்பத்தைக் கையால் பிசைந்து தின்னப் பழகினார்கள். சீனி குறைத்துத் தேத்தண்ணி போட நானும் பழகினேன். சுவரில் இருக்கிற கடதாசியைக் காட்டி, "யூ?" என்று கேட்பார்கள். அதில் இருப்பது பரீனாவின் பெயர். "டோட்டர்," என்பேன். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், மகள் வருவாள் என்று.

ஜூன் கடைசியில் ஒரு காலை பரீனா போனில் கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல்.

"உம்மா, பிள்ளைகளுக்கு லீவு. இவரும் ஓமெண்டிட்டார். அடுத்த மாசம் பத்து நாள் வாறம். முன்னறைய எங்களுக்கு வெச்சிரிங்க."

அடுத்த மாதம் அந்தப் பத்து நாளும் முன்னறையும் நடு அறையும் நாலு விருந்தாளிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. வரலாமா என்று அவர்கள் கேட்டதற்கு, வாருங்கள் என்று நான் சொன்ன சொல். "அறை எடுபட்டிட்டு மகள்," என்றேன்.

"என்ன உம்மா, என்ர வீட்டிலேயே எனக்கு அறை இல்லையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"சொன்ன சொல்ல மாத்த ஏலாது. கடதாசி எடுத்து நடத்துற இடம்."

அவள் யாரோடோ இங்கிலீஷில் கதைத்தாள். பிறகு வந்து, "பரவால்ல உம்மா. இவர் சொல்றார், ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வருவமாம். அடுத்த வருஷம் பார்ப்பம்," என்றாள்.

"ஓம் மகள். அப்படிச் செய்ங்க."

பின்னேரம் ஜெஸீமாவிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன் சாச்சி, அந்த நாலு பேரையும் என்ர இடத்துக்கு அனுப்பியிரிக்கலாமே! ரெண்டு அறை சும்மா கிடக்கு. ஒரு சத்தம் போட்டிரிந்தாக் காணுமே!"

அனுப்பியிருக்கலாம். அது எனக்கு பரீனா கதைத்துக்கொண்டிருக்கும்போதே தெரியும். அவள் அறையில் ஆள் கூடினால் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை: அப்ப உங்கட அறையில உங்களோட படுக்கிறம் உம்மா என்று அவள் சொல்லுவாள் என்று.